பின்னணியத்தில் ஒரு தலையணை
வேதபாடம்: மாற்கு 4:35-41



கடலின் சீற்றம் நமக்குக் கதையல்ல. திருக்கழுக்குன்றத்திலிருந்து மாமல்லபுரம் கடற்கரை ஏறக்குறைய 15 கிலோமீட்டர்தான். 2004 டிசம்பர் 26 காலையில் அந்தக் கடல் குப்பங்களுக்குள் ஏறி வந்ததை இப்பகுதியில் யாரும் மறக்கவில்லை.

அந்நாட்களில் மீனவத் தாய் ஒருவரை வார்டில் சந்தித்தோம். பல இரவுகளாக அவருக்குத் தூக்கமில்லை. "கண்ணை மூடி, சீஷர்களோடு படவில் இருப்பதாக நினைத்துப் பாருங்கள் அம்மா" என்றோம். "வேண்டாம் ஐயா, கண்ணை மூடினா அலைதான் வருது" என்றார். அவசரப்பட்டுவிட்டோம் என்று அப்போதுதான் உணர்ந்தோம். கற்பனை தேவன் தந்த ஈவு. ஆனால் பயமும் அதே வாசல் வழியாகத்தான் உள்ளே வருகிறது. அப்படியானால் அந்த ஈவை எப்படிப் பயன்படுத்துவது?

1. படவைப் பாருங்கள்

கலிலேயாக் கடல் ஒரு நன்னீர் ஏரி. நீளம் சுமார் 21 கிலோமீட்டர். கடல் மட்டத்துக்கு 200 மீட்டருக்கும் கீழே இருக்கிறது. சுற்றியுள்ள மலைகளிலிருந்து காற்று சடுதியில் இறங்கும். 1986ஆம் ஆண்டு வறட்சியில் நீர் வற்றியபோது, ஏறக்குறைய இயேசுவின் காலத்துப் படவு ஒன்று அதன் சேற்றில் கிடைத்தது. நீளம் 8 மீட்டருக்குச் சற்று அதிகம். நம் கரையிலுள்ள பைபர் படகைப் போன்றதே. வேத சம்பவத்தை இப்படி நிஜமாகக் காண்பதே தியானத்தின் தொடக்கம்.

2. படவில் இருப்பவரைப் பாருங்கள்

மறுநாள் அந்தத் தாயைக் கண்மூடச் சொல்லவில்லை. வேதபகுதியை மெதுவாக வாசித்தோம். 'தலையணை' என்ற இடத்தில் நிறுத்தினார். "அவரும் அசந்து தூங்கினாரா ஐயா?" "ஆமாம் அம்மா, அன்று முழுவதும் ஜனங்களுக்குப் போதித்துக் களைத்திருந்தார்." "அப்போ அவர் பக்கத்துல நானும் கொஞ்சம் சாய்ஞ்சுக்கிறேன்" என்றார். அன்றிரவு சற்று நேரம் தூங்கினதாக நர்ஸ் சொன்னார். அவர் இழந்தது திரும்பி வரவில்லை. ஆனால் தனிமையில் இல்லை என்று அறிந்துகொண்டார்.

3. மனதில் நிலைப்பதைச் சோதியுங்கள்

1521இல் போரில் பீரங்கிக் குண்டினால் கால் முறிந்து படுக்கையில் கிடந்தார் லொயோலா இஞ்ஞாசியார். வீரசாகசங்களைக் கற்பனை செய்தபோது மகிழ்ந்தார். பின்பு மனம் வறண்டது. கிறிஸ்துவைப் பின்பற்றுவதாக நினைத்தபோதோ சமாதானம் நிலைத்தது. அந்த வித்தியாசத்தையே வழிகாட்டுதலாக எடுத்துக்கொண்டார். நாமும் பயத்தின் காட்சி மனதில் ஓடும்போது முடிவெடுக்க வேண்டாம். எந்தக் காட்சியையும் வேதவசனத்தின் முன் வைத்துச் சோதிப்போம்.

4. மற்றப் படவுகளைப் பாருங்கள்

அன்று வேறு படவுகளும் உடன் இருந்தன என்கிறார் மாற்கு (4:36). காற்று அமர்ந்தபோது அவற்றுக்கும் அமைதல் கிடைத்தது. அன்பர்களே, உங்கள் ஜெபமும் காணிக்கையும் எங்கள் வார்டுகளின் அருகே வரும் அந்தப் படவுகளே.

ஜெபம்: கர்த்தாவே, அலையைக் காணும் கண்களுக்கு உம்மையும் காணச் செய்யும். ஆமென்.