கையடக்க வானொலி எவ்வளவு தூரம் பேசும்?

தைப்பூசத்திற்கு முந்திய நாள் காலையில், ஜார்ஜ்டவுன் பினாங்குத் தெருவிலுள்ள கோவில் வீட்டிலிருந்து வெள்ளி இரதம் புறப்படும். தண்ணீர்மலை நாட்டுக்கோட்டைச் செட்டியார் ஆலயத்தை அடைவதற்கு அதற்கு ஏறத்தாழ ஒரு பகல் முழுவதும் தேவைப்படும். வழியெங்கும் தண்ணீர்ப் பந்தல்கள், சாலையில் குவிந்து கிடக்கும் தேங்காய்கள், அலை அலையாய் மக்கள். அந்தக் கூட்டத்தில் ஒரு குழந்தை பெற்றோரின் கையை விட்டுவிடுகிறது. அல்லது காவடி எடுத்தவர் ஒருவர் வெயிலில் மயங்கி விழுகிறார். தொண்டர் கைப்பேசியை எடுக்கிறார், அழைப்பு போகவில்லை. ஒரே இடத்தில் ஆயிரக்கணக்கானோர் கைப்பேசியைப் பயன்படுத்தும்போது தொடர்புக் கோபுரம் திணறிவிடுகிறது.

இத்தகைய வேளைகளில் உதவுவது கையடக்க வானொலி. இதற்குக் கோபுரமும் மாதக் கட்டணமும் வேண்டா. ஒரு கருவியிலிருந்து இன்னொரு கருவிக்கு அலை நேராகச் செல்கிறது. ஆனால், கடையில் வாங்கும்போது பெட்டியின்மேல் அச்சிட்டிருக்கும் தூரத்தை நம்பி, ஒரு தொண்டரைப் பினாங்குத் தெருவிலும் மற்றொருவரைத் தண்ணீர்மலையிலும் நிறுத்தினால் ஏமாற்றமே மிஞ்சும். இடையிலுள்ள கட்டடங்கள் குரலை விழுங்கிவிடும்.

பொதுமக்கள் தேர்வு எழுதாமல் பயன்படுத்தக்கூடிய இவ்வகை வானொலியைச் 'சிட்டிசன் பேண்ட்', சுருக்கமாகச் 'சி.பி.', என்பர். அமெரிக்காவில் 1973-ஆம் ஆண்டு எண்ணெய் நெருக்கடியின்போது லாரி ஓட்டுநர்கள் எந்த நிலையத்தில் எரிபொருள் கிடைக்கும் என்பதை இதன்வழி ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டனர். 1977-இல் அங்கு அலைவரிசைகளின் எண்ணிக்கை 23-லிருந்து 40 ஆனது. அவர்கள் பயன்படுத்திய அதிர்வெண் 27 மெகாஹெர்ட்ஸ். அதன் அலைநீளம் ஏறத்தாழ 11 மீட்டர். நன்கு இயங்கும் ஆண்டெனா அலைநீளத்தில் கால் பங்காவது இருக்க வேண்டும், அதாவது 2.7 மீட்டருக்கும் மேல்! லாரியின் மேல் நீண்ட கம்பியைப் பொருத்தலாம். கையில் பிடித்துக்கொண்டு கூட்டத்தில் நடக்க இயலுமா? கம்பியைச் சுருட்டிக் குட்டையாக்கினால் ஆற்றலில் பெரும்பகுதி அலையாக வெளிவராமலேயே வீணாகிவிடும்.

மலேசியாவில் சி.பி. பயன்பாட்டிற்கு 477 மெகாஹெர்ட்ஸ் பகுதியும் ஒதுக்கப்பட்டுள்ளது. இதன் அலைநீளம் 63 சென்டிமீட்டர்தான். கால் பங்கு 16 சென்டிமீட்டர். ஓர் அடிக்கோலின் பாதியளவு. கையடக்கக் கருவிக்கு இது பொருத்தமாக அமைகிறது. இருப்பினும், இந்த அலை பெரும்பாலும் நேர்க்கோட்டில் செல்வதால், மலையும் தடித்த சுவரும் குறுக்கே வந்தால் வெகுவாக வலுவிழந்துவிடும்.

ஆகவே, தூரத்தைப் பெரும்பாலும் முடிவு செய்வது கருவியின் விலையன்று, நிற்கும் இடத்தின் உயரமே. சமவெளியில் ஒன்றரை மீட்டர் உயரத்தில் பிடித்திருக்கும் வானொலிக்கு அடிவானம் ஏறத்தாழ 5 கிலோமீட்டரில் முடிந்துவிடும். பாடாங் கோத்தா கடற்கரையில் நிற்பவர் நீரிணைக்கு அப்பால் பட்டர்வொர்த்தில் இருப்பவருடன் தெளிவாகப் பேசலாம்; நடுவில் கடல் மட்டுமே உள்ளது. அதே கருவியுடன் பாலேக் பூலாவில் உள்ளவரை அழைத்தால் பதில் வராது. தீவின் நடுவிலுள்ள மலைத்தொடர் மறைத்துவிடுகிறது. கொடிமலையில் ஏறிவிட்டாலோ கதையே மாறும். ஏறத்தாழ 700 மீட்டர் உயரத்திலிருந்து அடிவானம் 100 கிலோமீட்டரைத் தாண்டுகிறது. 45 கிலோமீட்டர் தொலைவில், கெடாவின் ஜெராய் மலையுச்சியில் நிற்பவருடனும் பேசும் வாய்ப்பு உண்டு. பெட்டியில் அச்சிடும் தூரம் இப்படிப்பட்ட தடையற்ற இடங்களுக்கே பொருந்தும். ஜார்ஜ்டவுனின் நெருக்கமான கடைவீடுகளுக்கு இடையே ஒன்றிரண்டு கிலோமீட்டர் கிடைத்தாலே நன்று.

கருவியின் ஆற்றலைக் கூட்டினால் போதாதா என்று கேட்கலாம். தடையற்ற வெளியில்கூடத் தூரத்தை இரு மடங்காக்க ஆற்றலை நான்கு மடங்காக்க வேண்டும். மின்கலம்தான் விரைவில் தீரும். அதைவிட, இடுப்பில் செருகியிருக்கும் கருவியை எடுத்து, ஆண்டெனா நிமிர்ந்திருக்குமாறு முகத்தருகே பிடித்தாலே குரல் தெளிவடையும். நம் உடலும் அலையைத் தடுக்கும் சுவர்தானே!

தொலைபேசிக்குப் பழகியவர்கள் இதில் இன்னொன்றையும் மறந்துவிடுகின்றனர். ஒருவர் பொத்தானை அழுத்திப் பேசும்போது மற்றவர் குறுக்கிட முடியாது. பொத்தானை அழுத்தியவுடன் பேசத் தொடங்கினால் முதற்சொல் அறுந்துபோகும். "மூன்றாம் பந்தலுக்கு வாருங்கள்" என்பது "பந்தலுக்கு வாருங்கள்" என்று மட்டும் கேட்டால், தொண்டர் எந்தப் பந்தலுக்கு ஓடுவார்? ஒரு நொடி பொறுத்துப் பேச வேண்டும். மேலும், அந்த அலைவரிசையில் உள்ள எவரும் உரையாடலைக் கேட்கலாம். சில கருவிகளில் 'தனிமைக் குறியீடு' என ஒன்று இருக்கும். அது பிறர் குரல் நம் காதில் விழாமல் தடுக்குமே தவிர, நம் குரலைப் பிறர் கேட்பதைத் தடுக்காது. காணாமற்போன குழந்தையின் முழுப்பெயரையும் முகவரியையும் அதில் அறிவிப்பது ஆபத்து. சட்டையின் நிறம், வயது, நிற்கும் இடம் ஆகியவை போதும்.

இதையெல்லாம் அறிந்த தொண்டர்கள் விழாவுக்கு முன்பே பாதையில் நடந்து, எங்கே குரல் கேட்கிறது, எங்கே அறுகிறது என்று குறித்துக்கொள்வர். கேட்காத இரு பந்தல்களுக்கு நடுவே ஒருவரை நிறுத்துவர். தண்ணீர்மலைப் பாலதண்டாயுதபாணி ஆலயத்திற்கு 500-க்கும் மேற்பட்ட படிகள் உண்டு. மேற்படிகளில், மரங்கள் மறைக்காத இடத்தில் ஒருவர் வானொலியுடன் நின்றால், கீழே ஒருவரையொருவர் எட்ட முடியாத இரு பந்தல்களின் குரலும் அவருக்குக் கேட்கும். ஒரு பந்தலில், "சிவப்புச் சட்டை, ஐந்து வயது, இங்கே இருக்கிறான்" என்கிறார்கள். படியில் நிற்பவர் அதை ஒரு சொல்லும் மாற்றாமல் மற்றப் பந்தலுக்குத் திரும்பச் சொல்கிறார்.