இன்னும் ஒரே ஒரு ஆட்டம்

ஆன்லைன் செஸ்ஸில் ரேட்டிங் சரிவது பெரும்பாலும் ஒரே ராத்திரி வேலை. பதினொன்றரை மணிக்கு மூன்று நிமிட பிளிட்ஸ். ஜெயித்த ஆட்டத்தில் ராணியைச் சும்மா தூக்கிக் கொடுக்கிறீர்கள். எட்டுப் புள்ளி போகிறது. அதை மீட்காமல் தூங்குவதா என்று உடனே அடுத்தது. ஒரு மணிக்கு நிமிர்ந்து பார்த்தால் நூறு புள்ளி காலி. காலை மீட்டிங்கில் கண் எரிகிறது, பக்கத்து சீட்காரர் கேட்ட சாதாரணக் கேள்விக்குச் சுள்ளென்று விழுகிறீர்கள்.

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். உங்களுக்குச் சமமான ரேட்டிங் உள்ளவரைத்தான் தளம் தேடிப்பிடித்து எதிரே உட்காரவைக்கிறது. அப்படியென்றால் ஏறத்தாழ பாதி ஆட்டம் தோற்கத்தான் செய்வீர்கள். டிராவை விட்டுவிட்டால், 20 ஆட்டத்துக்குள் எங்காவது ஓரிடத்தில் தொடர்ச்சியாக மூன்று தோல்வி விழ கிட்டத்தட்ட 80 சதவீத வாய்ப்பு. உங்களைவிட 100 ரேட்டிங் புள்ளி குறைந்தவரோடு ஆடினாலும், எலோ ரேட்டிங் கணக்குப்படி நூறு ஆட்டத்தில் நீங்கள் எதிர்பார்க்கக்கூடியது 64 வெற்றிப் புள்ளிதான். ஆக, அந்த மூன்று தோல்வியை வைத்து மூளை மழுங்கிவிட்டது என்று முடிவுகட்ட வேண்டாம். ஐந்தாவது, ஆறாவது தோல்வி இருக்கிறதே, அதுதான் நாமாக வரவழைப்பது. கோபத்தில், எதிராளியின் நகர்த்தலைப் பார்க்காமலேயே காயைத் தள்ளுகிறோம்.

எனவே எப்போது நிறுத்துவது என்பதை உட்காரும் முன்பே முடிவுசெய்யுங்கள். தோற்றபின் போடும் விதி நிற்காது. தொடர்ந்து இரண்டு தோல்வி, அல்லது இரவு பத்தரை, எது முதலில் வருகிறதோ அதோடு சரி. ஜெயித்துக்கொண்டிருந்தாலும் பத்தரை பத்தரைதான். தோற்ற மறுநொடி ‘ரீமேட்ச்’ பட்டன் கண்முன் வந்து நிற்கும். எழுந்து போய்த் தண்ணீர் குடியுங்கள். நாற்காலியிலேயே கண்ணை மூடி மூச்சை இழுத்துவிடச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அதில் நம்பிக்கை குறைவு, கை மவுஸை விட்டு இறங்கியிருக்காது.

தோல்விகளிலிருந்து மீளவும் முடியும். 2022 பிப்ரவரியில் ஏர்திங்ஸ் மாஸ்டர்ஸ் ஆன்லைன் போட்டியின் எட்டாவது சுற்றில், 16 வயது பிரக்ஞானந்தா கறுப்புக் காய்களோடு அப்போதைய உலக சாம்பியன் கார்ல்சனை 39 நகர்த்தலில் வென்றார். அதற்கு முந்தைய ஏழு சுற்றில் அவருக்கு நான்கு தோல்வி. ஆனால் போட்டியில் அடுத்த சுற்று எப்போது என்பதை அட்டவணை தீர்மானிக்கிறது. தோற்றவர் நினைத்த நொடியில் தொடங்க முடியாது. வீட்டில் அந்த அட்டவணையை நீங்களேதான் போட்டுக்கொள்ள வேண்டும்.

தோற்றபின் நிறுத்தாமல் ஆடுபவர்களுக்கு நேரெதிர் ரகமும் உண்டு. உச்ச ரேட்டிங்கைத் தொட்டுவிட்டு, இறங்கிவிடுமோ என்று வாரக்கணக்கில் செஸ் புதிர் மட்டும் போட்டுக்கொண்டிருப்பவர்கள். லிசெஸ் தளத்தில் ரேட்டிங்கையே கண்ணில் படாமல் மறைக்கும் செட்டிங் இருக்கிறது. ஒரு மாதம் அப்படி ஆடிப் பாருங்கள். மூன்று நிமிடத்தை விட்டுவிட்டு, பத்து நிமிடமும் நகர்த்தலுக்கு ஐந்து நொடி கூடுதலும் கிடைக்கும் ஆட்டத்துக்கு மாறினாலே படபடப்பு கணிசமாக அடங்கும்.

சாட் வசதியை நிரந்தரமாக அணைத்துவிடுங்கள். அதில் இழக்க ஒன்றுமில்லை. எதிராளி செஸ் இன்ஜின் வைத்து ஆடுகிறார் என்று தோன்றினால் ஒரு ரிப்போர்ட் கொடுத்துவிட்டு நகருங்கள். மாட்டினால் இழந்த புள்ளியைத் தளமே திருப்பித் தருகிறது. ராத்திரியெல்லாம் அவருடைய பழைய ஆட்டங்களைக் கிளறுவது உங்கள் வேலையில்லை.

மறுநாள் மத்தியானம், சாப்பாட்டு இடைவேளையில், தோற்றவற்றில் ஒரே ஒரு ஆட்டத்தைத் திறங்கள். இன்ஜினைப் போடாமல், சறுக்கிய நகர்த்தலை நீங்களே கண்டுபிடியுங்கள். அப்போது கடிகாரத்தில் எவ்வளவு மீதமிருந்தது? நான்கு நொடி என்றால் நேர அளவை மாற்ற வேண்டும். இரண்டு நிமிடம் மிச்சம் இருந்தும் சறுக்கினீர்கள் என்றால், அதற்கு முந்தைய ஆட்டம் எப்படி முடிந்தது என்று பாருங்கள்.