தொலைவு ஒன்று, காலம் இரண்டு

இங்கிலாந்தின் தலைநகராகிய இலண்டனுக்கும் அமெரிக்கப் பெருநகராகிய நியூயார்க்கிற்கும் இடையே அட்லாண்டிக் பெருங்கடல் பரந்து கிடக்கின்றது. இவற்றிற்கு இடைப்பட்ட வான்வழித் தொலைவு ஏறத்தாழ 5,550 கிலோமீட்டர் ஆகும். போகவும் மீளவும் தொலைவு ஒன்றே. ஆயினும், பயண நேரம் ஒன்றன்று. இலண்டனிலிருந்து நியூயார்க் செல்ல ஏறத்தாழ 8 மணி நேரம் ஆகின்றது. மீண்டு வர ஏறத்தாழ 7 மணி நேரமே போதும். இவ்வேறுபாட்டிற்குக் காரணம் யாது?

பூமி மேற்கிலிருந்து கிழக்காகச் சுழல்வதால், மேற்கே செல்லும் விமானத்தின்கீழ் நிலம் நழுவி வரும் எனச் சிலர் எண்ணுவர். அங்ஙனமாயின், நியூயார்க் நகரம் விமானத்தை எதிர்கொண்டு வருதல் வேண்டும். மேற்குப் பயணமே குறுகுதல் வேண்டும். நிகழ்வதோ அதற்கு மாறானது. பூமியோடு அதனைச் சூழ்ந்த காற்றும் உடன் சுழல்கின்றது. அக்காற்றில் பறக்கும் விமானமும் அதனோடு செல்கின்றது.

உண்மைக் காரணம் மேல்வானத்துக் காற்றே. ஏறத்தாழ 10 கிலோமீட்டர் உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்கு நோக்கி வலிய காற்று ஓர் ஆறுபோல் ஓடுகின்றது. இதனை ஜெட் காற்றோட்டம் என்பர். தெற்கேயுள்ள வெப்பக் காற்றும் வடக்கேயுள்ள குளிர் காற்றும் அடுத்தடுத்து அமைவதாலும், பூமியின் சுழற்சியாலும் இஃது உண்டாகின்றது. இதன் விரைவு சிற்சில வேளைகளில் மணிக்கு 300 கிலோமீட்டரையும் கடக்கும்.

ஆற்றோட்டத்தோடு செல்லும் ஓடம் விரைகின்றது. எதிர்த்துச் செல்லும் ஓடம் தளர்கின்றது. விமானமும் அத்தகையதே. காற்றில்லாதபோது மணிக்கு 900 கிலோமீட்டர் செல்லும் விமானத்திற்கு, 100 கிலோமீட்டர் விரைவுள்ள காற்று துணையாயின் விரைவு 1,000 ஆகும். எதிராயின் 800 ஆகும். அவ்விரைவில் கிழக்குப் பயணம் 5 மணி 33 நிமிடத்திலும், மேற்குப் பயணம் 6 மணி 56 நிமிடத்திலும் முடியும். ஏறும்போதும் இறங்கும்போதும் விரைவு குறைவதால், உண்மையில் ஆகும் நேரம் இவற்றினும் மிகும்.

இக்கணக்கில் வியப்பொன்று உண்டு. காற்றே இல்லையெனில் போய்வர 12 மணி 20 நிமிடம் ஆகும். காற்று வீசினால் ஏறத்தாழ 10 நிமிடம் கூடுகின்றது. எதிர்க்காற்றில் நெடுநேரமும் துணைக்காற்றில் சிறிது நேரமும் பறப்பதால், போகும்போது இழந்ததைக் காற்று முழுவதும் திருப்பித் தருவதில்லை.

1958 அக்டோபர் 4 அன்று, இவ்விரு நகரங்களுக்கிடையே ஜெட் விமானப் பயணிகள் போக்குவரத்து தொடங்கியது. நியூயார்க்கிலிருந்து புறப்பட்ட காமெட் விமானம் ஆறேகால் மணி நேரத்திற்குள் இலண்டனை அடைந்தது. இலண்டனிலிருந்து புறப்பட்ட மற்றொன்றோ, எரிபொருள் பெறும்பொருட்டு நியூபவுண்டுலாந்துத் தீவிலுள்ள கேண்டரில் இறங்கிப் பின்னரே சென்றது. அதற்குப் பத்து மணி நேரத்திற்கு மேல் ஆயிற்று.

ஆதலின், காற்றை அறியாது எரிபொருளை அளவிடுதல் கேடாய் முடியும். நடுக்கடலில் இறங்க நிலமில்லை அன்றோ? இக்காலத்தும் அட்லாண்டிக்கைக் கடக்கும் வான்வழிகளை நாள்தோறும் காற்றின் போக்கை ஆராய்ந்தே வகுக்கின்றனர். மேற்கே செல்லும் விமானம் வலிய காற்றிற்கு விலகிச் சற்றுச் சுற்றியும் செல்லும். குறுகிய வழியே விரைவான வழியாதல் வேண்டும் என்பதில்லை. நிலப்படம் தொலைவைக் கூறும். காலத்தைக் கூறுவது காற்றேயாகும்.