நாற்காலியை விட்டு எழுந்திருக்க ஒரு திட்டம்

பழைய மகாபலிபுரம் சாலை அலுவலகம் ஒன்றில் வேலை பார்ப்பவரின் நாளைக் கூட்டிப் பாருங்கள். கம்பெனி பஸ்ஸில் போக ஒரு மணி நேரம், வர ஒன்றரை மணி நேரம். நடுவில் மானிட்டர் முன்னால் எட்டு ஒன்பது மணி நேரம். வீடு திரும்பியதும் சோபாவில் செல்போனோடு இன்னும் கொஞ்சம். ஜனவரியில் மனசு உறுத்தி ஜிம்மில் ஆண்டுச் சந்தா கட்டுவார். மார்ச்சில் அந்தப் பக்கமே போகமாட்டார்.

ஜிம்மைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் அந்த எட்டு மணி நேரத்துக்குள்ளேயே உடம்பை அசைக்க வழி தேட வேண்டும். அதற்கு மன உறுதியை நம்பிப் பயனில்லை. எப்படியும் செய்தே தீர வேண்டிய வேலைகளோடு அசைவை முடிச்சுப் போட்டுவிட வேண்டும்.

இது இன்று நேற்று தெரிந்த விஷயமல்ல. லண்டன் மாடி பஸ்களின் டிரைவர்களையும் கண்டக்டர்களையும் ஆராய்ந்த ஜெர்ரி மோரிஸ், 1953-இல் ‘லான்செட்’ இதழில் முடிவுகளை வெளியிட்டார். ஓடுவது ஒரே பஸ்தான். ஆனால் நாள் முழுக்க உட்கார்ந்தே ஓட்டியவர்களைவிட, படியேறி இறங்கி டிக்கெட் கொடுத்தவர்களுக்கு இதய நோய் குறைவு. மோரிஸ் குழுவினர் அதோடு விடவில்லை. பிறகு சீருடைக் கணக்கைப் புரட்டினார்கள். டிரைவர்களின் கால்சட்டை இடுப்பளவு கண்டக்டர்களுடையதைவிடப் பெரிதாக இருந்தது; உட்காருவது மட்டுமே காரணமில்லை, தொப்பைக்கும் இதில் பங்குண்டு என்று தெரிந்தது. நாமும் அங்கிருந்தே தொடங்குவோம்.

முதலில் தையல் டேப்பை எடுங்கள்

எடை மிஷினை நம்ப வேண்டாம். கை கால் ஒல்லியாக, வயிறு மட்டும் முன்தள்ளியிருப்பது நம் ஊர் உடல்வாகு; எடை சரியாகவே காட்டும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவே டேப்பைச் சுற்றி, மூச்சை இயல்பாக விட்டபின் அளவெடுங்கள். தெற்காசியர்களில் ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 சென்டிமீட்டர் என்பதே எச்சரிக்கைக் கோடு. அதைத் தொட்டுவிட்டால் சர்க்கரை, கொழுப்பு, ரத்த அழுத்தம் மூன்றையும் சோதித்துக்கொள்ளுங்கள். நாட்டில் சர்க்கரை நோயாளிகள் 10 கோடிக்கு மேல் என்று 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு சொல்கிறது. முப்பது வயதுதானே ஆகிறது என்று இருந்துவிட முடியாது.

அடுத்தது மேஜை

அலுவலக மேஜைகள் பெரும்பாலும் 73 முதல் 75 சென்டிமீட்டர் உயரம். ஐந்தடி உயரமுள்ள ஒரு பெண்ணுக்கு இது அதிகம். தோளைத் தூக்கியபடியே தட்டச்சு செய்வார். சாயங்காலம் கழுத்துப் பிடித்துக்கொள்ளும். மேஜையை மாற்ற முடியாது, நாற்காலியை ஏற்றலாம். முழங்கை கீபோர்டு மட்டத்துக்கு வரும்வரை ஏற்றுங்கள். இப்போது கால் தரையில் பாவாது; ஏ4 காகிதக் கட்டு இரண்டைக் காலடியில் போட்டுக்கொண்டால் போதும்.

மானிட்டரின் மேல்விளிம்பு கண் மட்டத்தில், ஒரு கை நீளத் தொலைவில் இருக்கட்டும். லேப்டாப்பில் இது அமையவே அமையாது. திரையைக் கண்ணுக்கு உயர்த்தினால் கை தொங்கும், கைக்கு இறக்கினால் கழுத்து குனியும். தடித்த புத்தகங்கள் மேல் லேப்டாப்பை வைத்துவிட்டு, தனியாக ஒரு கீபோர்டும் மவுஸும் வாங்கிவிடுங்கள். வீட்டிலிருந்து வேலை செய்பவர்களுக்கு இதைவிடப் பயனுள்ள செலவு வேறில்லை. கட்டிலில் சாய்ந்துகொண்டு வேலை பார்ப்பதை இன்றோடு நிறுத்துங்கள்.

நின்றபடி வேலை செய்யும் மேஜை இப்போது ஒரு மோகம். நாள் முழுக்க நிற்பதும் உடம்புக்குத் தண்டனைதான். துணிக்கடைகளில் காலையிலிருந்து இரவுவரை நின்றே கால் வீங்கிப்போன ஊழியர்களுக்காக, உட்கார இருக்கை தந்தே ஆகவேண்டும் என்று 2021-இல் தமிழ்நாட்டில் சட்டத்தையே திருத்த வேண்டியிருந்தது. நின்றாலும் சரி, உட்கார்ந்தாலும் சரி, ஒரே நிலையில் நெடுநேரம் இருப்பதுதான் வில்லங்கம்.

அரை மணிக்கு ஒருமுறை எழுந்திருங்கள்

இதுதான் முக்கியமான படி. நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் செய்த ஒரு சோதனையின் முடிவுகள் 2023-இல் வெளியாயின. அரை மணிக்கு ஒருமுறை ஐந்து நிமிடம் மெதுவாக நடந்தபோது, சாப்பாட்டுக்குப் பின் சர்க்கரை எகிறுவது பாதிக்கும் கீழே குறைந்தது. ரத்த அழுத்தமும் இறங்கியது. பதினொரு பேரை வைத்துச் செய்த சின்ன சோதனைதான். ஆனாலும் காரணம் தெளிவானது. தசை இயங்கும்போது இன்சுலினை எதிர்பார்க்காமலேயே ரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். காலில் தேங்கும் ரத்தத்தை மேலே தள்ளுவதும் கெண்டைக்கால் தசைதான்.

மேனேஜர் பார்த்துக்கொண்டிருக்கும்போது ஐந்து நிமிடம் எப்படி உலாத்துவது என்கிறீர்களா? பெரிய தண்ணீர் பாட்டிலை வீட்டில் வைத்துவிட்டு ஒரு டம்ளரோடு வாருங்கள். தாகமெடுக்கும் போதெல்லாம் எழுந்து போக வேண்டிவரும். குடித்த தண்ணீர் உங்களை இன்னொரு முறை எழுப்பும். கழிப்பறைக்கு ஒரு மாடி ஏறிப் போங்கள். போன் வந்தால் எழுந்து நின்று பேசுவதை வழக்கமாக்குங்கள். பக்கத்து வரிசை ஆளுக்குச் செய்தி அனுப்பாமல் நேரில் போய்க் கேளுங்கள். எழ முடியாத நீண்ட மீட்டிங்கில், கேமரா தெரியாத இடத்தில், குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்குங்கள்.

கண்ணுக்கும் இடைவேளை வேண்டும். 20 நிமிடத்துக்கு ஒருமுறை 20 அடிக்கு அப்பால் 20 விநாடி பாருங்கள்.

டப்பாவும் டீயும்

சாப்பாட்டு டப்பாவில் முக்கால்வாசி சாதம், ஓரத்தில் ஒட்டிக்கொண்டு பொரியல் என்பதே வழக்கம். அதைத் திருப்ப வேண்டும். பாதி டப்பா பொரியலும் கூட்டும், கால் பங்கு சாதம், மிச்சத்தில் முட்டை, மீன், சுண்டல், கெட்டிப் பருப்பு என ஏதாவது ஒன்று. முதல் வாரம் பசிப்பது போல் இருக்கும். பருப்பைக் கூட்டுங்கள், சாதத்தைக் கூட்டாதீர்கள். சாப்பிட்டவுடன் நாற்காலிக்குத் திரும்பாமல் பத்து நிமிடம் நடந்துவிட்டு வாருங்கள். மூன்று மணித் தூக்கமும் ஓரளவு மட்டுப்படும்.

உண்மையான எதிரி டீதான். டம்ளருக்கு இரண்டு ஸ்பூன் என்றால் பத்து கிராம் சர்க்கரை. நாலு டீயில் 40 கிராம். உலக சுகாதார நிறுவனம் நல்லது என்று சொல்லும் அளவோ நாளுக்குச் சுமார் 25 கிராம். மிஷின் டீயின் பொடியில் பெரும்பாலும் சர்க்கரை முன்பே கலந்திருக்கும், குறைக்கவும் வழியில்லை. இரண்டு டீயோடு நிறுத்துங்கள், பிஸ்கட்டைத் தவிருங்கள். பக்கத்து சீட்டுக்காரரின் பிறந்தநாள் கேக்கை மறுத்துப் பகையாக வேண்டாம். ஒரு வாய் போதும்.

நடையும் வலுவும்

வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் வேகநடை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2020 பரிந்துரை. எட்டு மணி நேரத்துக்கு மேல் உட்காருபவர்களுக்கு அது குறைந்தபட்சக் கூலிதான். உட்கார்ந்தே இருப்பதன் கேட்டை ஈடுகட்ட நாளுக்கு 60 முதல் 75 நிமிடம் தேவை என்று பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் தரவைத் தொகுத்த 2016 ஆய்வு ஒன்று கண்டது. ஒரே மூச்சில் வேண்டாம். ஒரு நிறுத்தம் முன்னதாக இறங்கி நடப்பது, மதிய நடை, இரவுச் சாப்பாட்டுக்குப் பின் தெருமுனைவரை நடை என்று சேர்த்துவிடலாம்.

நடக்கிறவர்கள்கூடக் கோட்டைவிடுவது தசை வலுவை. வாரத்தில் இரண்டு நாள் போதும், ஜிம் வேண்டாம். நாற்காலியில் கை ஊன்றாமல் எழுந்து உட்காருவது பத்து முறை. சுவரில் கைவைத்துத் தண்டால் பத்து. குப்புறப் படுத்து முழங்கையில் உடம்பைத் தாங்குவது அரை நிமிடம். இப்படி மூன்று சுற்று. பழகியபின் நாற்காலியை விட்டுவிட்டுத் தோப்புக்கரணம். அதனால் மூளை கூர்மையாகும் என்ற விளம்பரத்தை விட்டுத்தள்ளுங்கள். தொடை வலுப்படும், அது போதும். முட்டி வலி உள்ளவர்கள் பாதி தூரம் இறங்கினால் போதும்.

எல்லாவற்றையும் ஒரே திங்கட்கிழமையில் தொடங்க வேண்டாம். முதல் வாரம் மேஜையும் டம்ளரும், அடுத்த வாரம் டப்பா, பிறகு நடை, கடைசியில் தசைப் பயிற்சி. மாதம் ஒருமுறை டேப்.

இடுப்பு வலி காலுக்கு இறங்கினாலோ, விரல்கள் மரத்துப்போனாலோ இந்தப் பயிற்சிகளை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். படியேறும்போது நெஞ்சு இறுக்கினால் வாயு என்று சோடா குடித்துக்கொண்டிருக்காமல், அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய் ஈசிஜி எடுத்துவிடுங்கள்.