கடிகாரம் கழுவும் எந்திரம்

பெங்களூரில் 1961-ஆம் ஆண்டு எச்.எம்.டி. கைக்கடிகாரத் தொழிற்சாலை தொடங்கியது. ஜப்பானின் சிட்டிசன் நிறுவனம் தொழில்நுட்பம் கொடுத்தது. எச்.எம்.டி. கடிகார நிறுவனத்தை மூட 2016-இல் மத்திய அரசு முடிவு செய்தது. ஆனால் அதன் 'ஜனதா' கடிகாரங்கள் இன்னும் பலர் கையில் ஓடுகின்றன.

ஜனதா, சாவி கொடுக்கும் கடிகாரம். ஒரு நொடிக்கு 5 முறை 'டிக்' என்கிறது. ஒரு நாளைக்கு எத்தனை முறை? கணக்குப் போட்டுப் பாருங்கள். 4,32,000 முறை!

நாளடைவில் உள்ளே இருக்கும் எண்ணெய் காய்கிறது. தூசி சேர்ந்து பசை போல ஆகிறது. கடிகாரம் மெதுவாக ஓடுகிறது. பிறகு நின்றே விடுகிறது. அப்போது பாகங்களைக் கழற்றிக் கழுவ வேண்டும்.

சிறு கடைகளில் பெட்ரோலில் கழுவும் பழக்கம் உண்டு. செலவு குறைவுதான். ஆனால் பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. அது தாழ்வான இடத்தில் தங்கும். பக்கத்தில் ஒரு தீப்பொறி பறந்தால் போதும், பற்றிக்கொள்ளும்.

கடையில் விற்கும் எந்திரத்தின் விலை அதிகம். சிறிய எந்திரத்தை நாமே செய்யலாம்.

12 வோல்ட் மோட்டார் ஒன்று வாங்குங்கள். மெதுவாகச் சுற்றும் பல்சக்கர மோட்டாராக இருக்கட்டும். அதற்கு ஒரு அடாப்டர் வேண்டும். வீட்டு மின்சாரத்தில் நேரடியாக இணைக்கவே கூடாது. மரப்பலகையில் ஒரு கம்பம் நட்டு, அதன்மேல் மோட்டாரைப் பொருத்துங்கள். மோட்டாரிலிருந்து ஒரு கம்பி கீழே தொங்கட்டும். கம்பியின் நுனியில் கூடை. இரண்டு சிறிய எவர்சில்வர் டீ வடிகட்டிகளின் கைப்பிடியை வெட்டி, வாயோடு வாய் சேர்த்துக் கட்டினால் அதுவே கூடை! வலையின் கண், மிகச் சிறிய திருகாணியைவிடச் சிறியதாக இருக்க வேண்டும். இல்லையென்றால் திருகாணி போன இடம் தெரியாது.

இனி, வாயகன்ற இரண்டு கண்ணாடிப் பாட்டில்கள். முதல் பாட்டிலில் வெதுவெதுப்பான தண்ணீர், சில சொட்டு பாத்திரம் கழுவும் சோப்புத் திரவம். அடுத்ததில் பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீர். உப்புத் தண்ணீர் வெள்ளைக் கறை விடும். கூடை முழுவதும் நனையட்டும். ஒவ்வொன்றிலும் மூன்று நான்கு நிமிடம் சுற்றவிடுங்கள். நடுவில் மோட்டாரின் இரண்டு ஒயர்களையும் மாற்றிக் கொடுத்தால் கூடை எதிர்ப்பக்கம் சுற்றும். அழுக்கு நன்றாக விடும். கடைசியில் கூடையைத் தண்ணீருக்கு மேலே தூக்கிச் சுற்றினால் ஈரம் சிதறிவிடும்.

மீதி ஈரம் எஃகுப் பாகங்களைத் துருப்பிடிக்க வைக்கும். அதனால் உடனே ஐசோபுரொபைல் ஆல்கஹால் என்ற ஸ்பிரிட்டில் அலச வேண்டும். இதை மட்டும் கையால் செய்யுங்கள். மோட்டாருக்குள் சிறு தீப்பொறி பறக்கும். ஸ்பிரிட்டையும் பெட்ரோலையும் அதன் அருகே கொண்டுபோகாதீர்கள். காற்றோட்டமான இடத்தில் அலசி, உலரவிடுங்கள்.

முகப்புத் தகடு, முட்கள் இரண்டையும் கூடையில் போடக் கூடாது. மயிரிழை போன்ற சுருள்வில் உள்ள பேலன்ஸ் சக்கரமும் வேண்டாம். சிக்கிக்கொண்டால் நேராக்குவது பெரும்பாடு. பேலட் என்ற சிறு பாகத்தில் கற்களை அரக்கு வைத்து ஒட்டியிருப்பார்கள். ஸ்பிரிட் அரக்கைக் கரைத்துவிடும். பேட்டரிக் கடிகாரத்தின் மின் பாகங்களையும் நனைக்காதீர்கள்.

பாகங்கள் உலர்ந்ததும் கடிகாரத்தைப் பூட்டுங்கள். பழைய எண்ணெய் முழுவதும் போயிருக்கும். கடிகார எண்ணெயை ஊசி முனையில் தொட்டு, வேண்டிய இடங்களில் மட்டும் வையுங்கள்.