காரணம் நாடுக

சென்னை மாநகரின் தென்வாயிலாகத் திகழ்வது தாம்பரம். 1931ஆம் ஆண்டில் சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்திற்கும் இடையே மின்சார இரயில் ஓடத் தொடங்கியது. அதன்பின் இருப்புப்பாதையின் இருமருங்கும் ஊர்கள் பெருகின. 2021ஆம் ஆண்டில் பல்லாவரம், பம்மல், செம்பாக்கம் முதலியனவும் இணைந்து தாம்பரம் மாநகராட்சி உருவாயிற்று. தனித்தனி வீடுகள் நின்ற இடங்கள் பலவற்றில் இன்று அடுக்குமாடிக் குடியிருப்புகள் நெருங்கி நிற்கின்றன.

அத்தகைய குடியிருப்பு ஒன்றில் நிகழக்கூடியதொரு காட்சியைக் காண்போம். பன்னிரண்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி, வைஃபை வழியாகப் பாடம் கேட்க மடிக்கணினியின்முன் அமர்கிறாள். ஆசிரியரின் குரல் விட்டுவிட்டு ஒலிக்கிறது. படம் இடையிலே நின்றுவிடுகிறது. தேர்வோ அணித்தே உள்ளது. "கடன்பட்டேனும் புதிய கணினி வாங்கித் தருகிறேன், அம்மா" என்கிறார் தந்தையார். "பொறுங்கள், அப்பா, முதலில் காரணத்தைக் காண்போம்" என்கிறாள் மகள்.

அவள் கூறியது தக்க மொழியே. நோயையும் அதன் மூலத்தையும் அறிந்த பின்னரே தணிக்கும் வழியைத் தேடவேண்டும் என்பது வள்ளுவர் மருத்துவத்திற்கு வகுத்த நெறி. கருவியின் குறை களைவார்க்கும் அந்நெறி பொருந்தும்.

மாணவி மடிக்கணினியைக் கூடத்திலுள்ள ரவுட்டரின் அருகே கொண்டுசெல்கிறாள். அங்கும் பாடம் தடைப்பட்டால், குறை கணினியிலோ வெளியிலிருந்து வரும் இணைப்பிலோ இருத்தல் கூடும். ஆனால் அங்கே பாடம் தடையின்றி ஓடுகிறது. தன் அறையில் தந்தையாரின் கைப்பேசியை வைத்துப் பார்க்கிறாள், அதுவும் தளர்கிறது. ஆகவே, கணினி பழுதன்று; அலையே வழியில் மெலிகின்றது என்று தெளிகிறாள்.

அலை மெலிவது ஏன்? 1895ஆம் ஆண்டில் ஜகதீச சந்திர போஸ் கொல்கத்தாவில், சுவர்களை ஊடுருவிய அலையினால் தொலைவிலிருந்த மணியை ஒலிக்கச் செய்து காட்டினார். எனவே, சுவர் அலையை முற்றும் தடுப்பதில்லை. ஆயினும் ஒவ்வொரு சுவரும் அதன் வலுவில் ஒரு பங்கைக் கவர்ந்துகொள்ளும். வெட்டவெளியிற்கூடத் தொலைவு இருமடங்கானால் வலு நான்கில் ஒன்றாகக் குறையும். செங்கற்சுவரினும் இரும்புக்கம்பி பொதிந்த கான்கிரீட்டுச் சுவர் பெருந்தடையாகும். இரும்புப் பீரோ அலையைத் திருப்பிவிடும். தொட்டிநீர் அதனை விழுங்கிவிடும்.

வைஃபை பெரும்பாலும் 2.4, 5 கிகாஹெர்ட்சு என்னும் இரு அலைவரிசைகளில் இயங்குகிறது. முன்னது சுவர் கடந்து நெடிது செல்லும். பின்னது விரைவு மிக்கதெனினும் தடைகளைக் கடக்கையில் மிகுதியும் மெலியும். முன்னதில் ஒன்றோடொன்று கலவாத தடங்களாக வழக்கமாகக் கொள்ளப்படுவன 1, 6, 11 என்னும் மூன்றே. அண்டை வீட்டு ரவுட்டர்கள் பலவும் ஒரே தடத்தில் இயங்குமாயின், சந்தை இரைச்சலில் நண்பன் சொல் விளங்காதது போல, அலை வலுவாக இருந்தும் செய்தி சிதையும். மைக்ரோவேவ் அடுப்பு எரியும்போதும் அவ்வாறே நேர்தல் உண்டு.

மாணவி கூடத்தை நோக்குகிறாள். ரவுட்டர் இரும்புப் பீரோவின் பின்னே தரையிற் கிடக்கிறது! அதனை எடுத்து, வீட்டின் நடுவே உயர்ந்ததொரு பலகையில் வைக்கிறாள். அறையில் பாடம் பெரிதும் சீராகிறது. பின்னர்த் தடத்தை மாற்றுகிறாள். எஞ்சிய தடையும் நீங்குகிறது. மடிக்கணினிகள் பெரும்பாலானவற்றில் அலைவாங்கி திரையின் விளிம்பிலே பொருத்தப்பட்டிருக்கும். ஆதலால், திரை இரும்பு அலமாரியை ஒட்டி நில்லாதவாறும் பார்த்துக்கொள்கிறாள்.

அவள் ஒரு நேரத்தில் ஒரு மாற்றமே செய்தாள் என்பதை நாம் கருத்திற் கொள்ளல் வேண்டும். பலவற்றை ஒருங்கே மாற்றியிருந்தால், பயன் தந்தது எது என்று அறிந்திராள். ஒரு காசும் செலவின்றிக் குறை நீங்கிற்று. தந்தையார் கடனாளியாகாமல் தப்பினார். அலை கண்ணுக்குப் புலப்படாதது. ஆனால் அதன் இயல்பு அறிவுக்குப் புலப்படும். காரணத்தை நாடுவோர் கலங்குவதில்லை.