குரங்குக் காய்ச்சலும் உண்ணிக் கட்டுப்பாடும்

உருவத்தில் கடுகளவே உள்ள ஓர் உயிர், காட்டையும் ஊரையும் ஒருசேர அச்சுறுத்த வல்லது என்றால் நம்மில் பலர் வியப்படைவோம். அதுவே உண்ணி. நாயின் காதிலும் மாட்டின் மடியிலும் நாம் காணும் உண்ணிகளின் காட்டு உறவு ஒன்று, மனித உயிரையே பறிக்கும் நோயைப் பரப்புகிறது. அதனைப் பற்றி இங்கு ஆராய்வோம்.

நோய் கண்ட வரலாறு

1957-ஆம் ஆண்டில், அன்றைய மைசூர் மாநிலத்தின் ஷிமோகா மாவட்டத்தில், கியாசனூர் காட்டில் குரங்குகள் பல இறந்து கிடந்தன. சுற்றுப்புறக் கிராமத்தாருக்கும் கடுங்காய்ச்சல் கண்டது. புனாவிலிருந்த வைரஸ் ஆராய்ச்சி நிலையத்தார், இது அதுவரை அறியப்படாத ஒரு வைரஸால் வருவது என்றும், அதைப் பரப்புவது உண்ணியே என்றும் கண்டறிந்தனர். காட்டின் பெயரே நோய்க்கும் பெயராயிற்று. கன்னட மக்கள் இதனை "மங்கன காயிலெ", அதாவது குரங்கு நோய் என்பர்.

திடீர்க் காய்ச்சல், தாங்கொணாத் தலைவலி, தசைவலி ஆகியவை இதன் அறிகுறிகள். சிலருக்கு இரத்தக் கசிவும் ஏற்படும். நோயுற்றோரில் நூற்றுக்கு மூவர் முதல் ஐவர் வரை இறக்கின்றனர். 2015-இல் நம் நீலகிரியை அடுத்துள்ள வயநாட்டிலும் இந்நோய் பலரைத் தாக்கியது.

உண்ணியின் வாழ்க்கை

உண்ணி பூச்சி அன்று; சிலந்தியின் இனத்தைச் சேர்ந்தது. முட்டையிலிருந்து வரும் குஞ்சுக்கு ஆறு கால்கள், வளர்ந்தபின் எட்டு. குஞ்சு பெரும்பாலும் எலி, பறவை முதலியவற்றைப் பற்றும். அடுத்த பருவமான இளம் உண்ணியே குரங்கையும் மனிதரையும் கடிக்கும். முதிர்ந்த உண்ணி மாடு முதலிய பெரிய விலங்குகளின் இரத்தத்தை உண்டு, தரையில் விழுந்து முட்டையிடும். இளம் உண்ணிகள் மிகுவது டிசம்பர் முதல் மே வரை. விறகுக்கும் சருகுக்கும் மக்கள் காட்டிற்குச் செல்லும் காலமும் அதுவே!

குரங்கு குற்றவாளியா?

இல்லை. அதுவும் நம்மைப் போல் நோய்ப்பட்ட உயிரே. குரங்கு இறந்ததும் அதன் உடலிலுள்ள உண்ணிகள் உதிர்ந்து அவ்விடமெங்கும் பரவுகின்றன. ஆகவே இறந்த குரங்கைக் கண்டால் அருகில் செல்லாமல், உடனே வனத்துறைக்கோ சுகாதார நிலையத்திற்கோ தெரிவிக்க வேண்டும். அவர்கள் அங்கு உண்ணிக்கொல்லி மருந்து தூவுவர். குரங்கின் சாவு நமக்கு இயற்கை தரும் எச்சரிக்கை.

தடுக்கும் வழிகள்

1. காட்டிற்குச் செல்வோர் கைகால்களை மூடும் உடை அணிந்து, உண்ணி விரட்டி எண்ணெய் பூசிக்கொள்ள வேண்டும்.
2. வீடு திரும்பியதும் உடைகளை வெந்நீரில் துவைத்து, சோப்பிட்டுக் குளித்து, உடல் முழுவதையும் சோதிக்க வேண்டும்.
3. கடித்த உண்ணியை நசுக்குவதும், நெருப்பால் சுடுவதும், மண்ணெண்ணெய் ஊற்றுவதும் தவறு. சிறு இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, மெல்ல நேராக இழுக்க வேண்டும்.
4. காட்டில் மேயும் மாடுகளுக்குக் கால்நடை மருத்துவர் கூறும் மருந்தை அளவறிந்து இட வேண்டும். மாட்டுக்கு இந்நோய் வருவதில்லை. ஆயினும் உண்ணி பெருக அதுவே இடம் தருகிறது.
5. காட்டிற்குச் சென்று வந்தபின் காய்ச்சல் கண்டால், தாமதியாமல் மருத்துவரிடம் அதைச் சொல்ல வேண்டும்.

முடிவுரை

இந்நோயை அழிக்கும் தனி மருந்து இல்லை. கர்நாடகத்தில் நெடுங்காலம் இடப்பட்ட தடுப்பூசி, போதிய பலன் தராமையால் 2022-இல் நிறுத்தப்பட்டது. "காட்டிற்குப் போகாதீர்" என்று கூறுவது நமக்கு எளிது. ஆனால் காட்டு விறகால் மட்டுமே அடுப்பெரியும் ஏழைத் தாய்க்கு அது ஆகாத காரியம். அவளுக்குத் தேவை தடையன்று. எண்ணெயும், மருந்தும், இந்த அறிவுமே. கற்ற நாம் இதனைக் கல்லாதார்க்கும் எடுத்துரைப்போம், வருமுன் காப்போம்.